ஒப்புதல் பெற்ற உடல்

அந்த நிறுவனத்தில் ஒரு எலக்ட்ரானைக்கூட யாரும் அநாதையாகச் சாக விட்டதில்லை. இதை இயக்குநரே எல்லா விழாக்களிலும் சொல்வார். சொல்லும்போது குரல் தழுதழுக்கும். மனிதர்களைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை. அது அவருடைய துறை அல்ல.

வேலை என்னவென்றால் இதுதான். ஆஸ்பத்திரியில் யாருக்காவது கட்டி என்றால் கதிர் பாய்ச்சி அதைச் சுடுவார்கள். சுடுவதற்கு முன் எங்கே எவ்வளவு விழும் என்று தெரிய வேண்டும். அதற்காக நோயாளியை ஸ்கேன் எடுத்து, அந்தப் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் போட்டு, அதன்மேல் கோடிக்கணக்கான பொய்த் துகள்களை ஏவி, ஒவ்வொன்றும் எங்கே முட்டுகிறது, எங்கே வளைகிறது, எங்கே அடங்குகிறது என்று பார்ப்பார்கள். பொய்த் துகள் பொய் உடம்பில் சரியாக விழுந்தால், நிஜத் துகள் நிஜ உடம்பில் சரியாக விழும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது.

ஆனால் கம்ப்யூட்டருக்குத் தானாக ஒன்றும் தெரியாது. எந்தெந்தத் துகளைப் பின்தொடர வேண்டும், எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பிப் பார்க்க வேண்டும், ஓடி ஓடிச் சக்தி குறைந்து தள்ளாடும் துகளை எந்தக் கட்டத்தில் "போதும், இனி இதைப் பார்க்க வேண்டாம்" என்று விட்டுவிட வேண்டும் என்பதையெல்லாம் நாம்தான் சொல்ல வேண்டும். அப்படி விட்டுவிடும் அளவுக்குப் பெயர் கட்-ஆஃப். ஒரு காலத்தில் மென்பொருளோடு வந்த அளவுகளை அப்படியே வைத்துக்கொண்டு, பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் விடை தயாராக இருக்கும். நோயாளிகளும் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு யாரோ ஒரு புண்ணியவான், இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு சுலபமாகச் செய்வது நிறுவனத்தின் கௌரவத்துக்கு அழகா என்று கேட்டார். அன்றைக்குப் பிறந்தது இயற்பியல் அமைப்புகள் ஒப்புதல் குழு. அந்தக் குழுவின் முத்திரை விழாமல் ஆஸ்பத்திரியில் கதிரைத் திறக்கக் கூடாது என்று உத்தரவும் வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமி ஒன்றுதான், பூசாரிகள்தான் ஒரு மேஜை நிறைய.

பொத்தானை அமுக்குகிறவனுக்குப் பொத்தான் என்றே பெயர் நிலைத்துவிட்டது. காதோரம் நரைத்தவன், கல்யாணம் ஆகாதவன், அதிர்ந்து பேசத் தெரியாதவன். குழு சொல்லும் அளவுகளைத் தட்டெழுதுவதும், கூட்டம் நடக்கும்போது குறிப்பு எடுப்பதும், கடைசியில் அமுக்குவதும் அவன் வேலை. இயற்பியல் அவனுக்கு அவ்வளவாக ஏறாது. கூட்டத்தில் பேசுவது பாதி புரியாது, மீதியைப் புரிந்துகொள்ளக் கூடாது என்று தானே முடிவு செய்திருந்தான். குழு கூடியதும் முதல் காரியமாக எல்லோரும் எழுந்து, கட்-ஆஃபுக்குக் கீழே விடப்பட்ட துகள்களுக்காக ஒரு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். அவனும் நிற்பான். நிற்கும்போது பெரும்பாலும் சாயங்காலம் என்ன சமைக்கலாம் என்றுதான் யோசிப்பான்.

சமைப்பது அவனுக்கும் அக்காவுக்கும். அக்கா டவுன் பஸ் ஓட்டுகிறவள். அப்பா அம்மா போன பிறகு அவனைப் படிக்க வைத்தவள் அவள்தான். இந்த வேலைக்கு மனுப் போடச் சொல்லி முதுகைப் பிடித்துத் தள்ளியவளும் அவள்தான். தனக்கென்று ஒன்றும் தேடிக்கொள்ளவில்லை. கேட்டால், "உன்னை வச்சுக்கிட்டே நான் படற பாடு போதாதா" என்று வாயை அடைத்துவிடுவாள். ஒரு நாள் பக்கக் கண்ணாடியைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பியபோது தாடைக்குக் கீழே ஏதோ இடறியது. சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டாள். அது சுளுக்கு இல்லை.

டாக்டர் நல்ல மனிதர். சுற்றி வளைக்காமல் சொன்னார்: "சீக்கிரம் ஆரம்பிச்சா முழுசா குணமாயிடும். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. தள்ளிப்போட்டா என்னால எதுவும் சொல்ல முடியாது."

பொத்தானுக்கு அப்போது பெரிய பயம் வரவில்லை. கணக்குப் போடும் இடம் தன்னுடைய ஆபீஸ்தானே, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று நினைத்தான். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். "என் தம்பி அமுக்கினா எல்லாம் நடக்கும்" என்று ஸ்கேன் எடுக்கும் பெண்ணிடம் பெருமையடித்தாள்.

அந்த ஸ்கேனில்தான் விஷயம் கெட்டது. மெஷினுக்குள் படுத்திருந்தவளிடம் ஒரு பதிவு செய்த குரல் மூச்சை அடக்கச் சொன்னது. அடக்கினாள். மெஷின் கடைசிச் சுற்றில் இருக்கும்போதே அந்தக் குரல் கொஞ்சம் அவசரப்பட்டு, "இப்போது மூச்சு விடலாம்" என்றது. அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. படத்தில் கட்டிக்கு எதிர்ப்பக்கத் தாடையோரம் லேசாக மங்கிப்போனது. கட்டி இருந்த இடம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. மங்கல் அதற்கு ரொம்பத் தள்ளி. டாக்டர் பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்று அனுப்பிவிட்டார்.

முதல் கூட்டத்தில் மௌனம் முடிந்ததும் விவாதம் ஆரம்பித்தது. குழுவில் இரண்டு கட்சி. ஒன்றுக்குத் தலைவர் எலக்ட்ரான் ஐயா. எலக்ட்ரானைக் கடைசி மூச்சுவரை கூடவே போய் வழியனுப்ப வேண்டும், கட்-ஆஃபை இன்னும் இறக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்னொன்றுக்கு நியூட்ரான் ஐயா. எந்தக் கணக்காக இருந்தாலும் நியூட்ரானையும் சேர்த்தாக வேண்டும் என்பார். இந்தக் கதிரில் நியூட்ரானே வராது என்று டாக்டர் எழுதியிருப்பதைப் பொத்தான் தயங்கித் தயங்கிப் படித்துக் காட்டினான்.

"வராதுன்னு அவர் சொன்னா ஆச்சா?" என்றார் நியூட்ரான் ஐயா. "அது எவ்வளவு வரலைன்னு நாம கணக்குப் பார்க்க வேண்டாமா?"

இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் நல்ல கருத்து என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. இயக்குநர் இரண்டு பக்கத்துக்கும் நோகாமல் ஒரு முடிவு சொன்னார். அளவுகள் பிறகு, முதலில் உடலுக்கு ஒப்புதல் கொடுத்துவிடலாம். உடல் ஒப்புதல் பெற்றுவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. படத்தைத் திரையில் போட்டார்கள். கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பியது. மங்கலைப் பார்த்துவிட்டார்கள்.

இது நோயாளியா, பிழையா? பிழை என்றால் யாருடைய பிழை? நோயாளி என்றால் ஏன் இவ்வளவு பரவியிருக்கிறார்? பொத்தான் எழுந்து அக்கா சிரித்துவிட்டாள் என்று சொன்னான். சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த கூட்டத்துக்கு நோயாளி நேரில் வந்து சிரிப்புக்கு விளக்கம் தர வேண்டும் என்று தீர்மானமாயிற்று. அடுத்த கூட்டம் அவ்வளவு சீக்கிரத்தில் வருவதில்லை. எல்லோருக்கும் ஒழிகிற நாள் ஒன்றாக அமைய வேண்டுமே.

வீட்டில் அக்கா எல்லாவற்றையும் சொல்லச் சொல்லிக் கேட்டாள். கட்-ஆஃப் என்றால் என்ன, எதற்காக அடித்துக்கொள்கிறார்கள் என்று விசாரித்தாள். அவனுக்குத் தெரிந்த அளவில் சொன்னான். சாமான் கழுவிக்கொண்டே கேட்டவள், "ஓடி வர்ற ஆள் கண்ணாடியில தெரிஞ்சா நான் வண்டியை எடுக்க மாட்டேன். அதுக்காக உள்ள உட்கார்ந்திருக்கிறவனை மறந்துட்டு ராத்திரி வரைக்கும் நிறுத்தியா வச்சிருப்பேன்?" என்றாள். பிறகு, இதை ஆபீஸில் போய் உளறாதே, இன்னொரு கூட்டம் போட்டுவிடுவார்கள் என்றாள்.

விளக்கம் சொல்ல அவள் சீருடையிலேயே வந்தாள், டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று. குழு அவளை மேஜையின் கோடியில் உட்கார வைத்தது. குறிப்பு எடுக்கிறவன் தலையை நிமிர்த்தவில்லை. எதற்காகச் சிரித்தீர்கள் என்று இயக்குநர் மரியாதையாகக் கேட்டார்.

"மூச்சு விடலாம்னு ஒரு குரல் சொல்லுச்சுங்க. இத்தனை வருஷமா யாரைக் கேட்டு விட்டுக்கிட்டிருந்தோம்னு தோணுச்சு. சிரிப்பு வந்துடுச்சு."

மேஜையைச் சுற்றி யாரும் சிரிக்கவில்லை. அனுமதி பெற்று மூச்சு விடுவதில் வேடிக்கை என்ன என்று அவர்கள் உண்மையாகவே யோசித்தார்கள். எலக்ட்ரான் ஐயாதான் முக்கியமான கேள்வியைக் கேட்டார்: சிகிச்சையின்போதும் சிரிப்பீர்களா?

"நீங்க யாரும் உள்ள வரலைன்னா சிரிக்க மாட்டேன்" என்றாள் அக்கா.

நிபந்தனைக்குட்பட்ட சிரிப்பு என்று பொத்தான் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சிரிக்கும் நோயாளிக்கு ஒரு கணக்கு, சிரிக்காத நோயாளிக்கு ஒரு கணக்கு, இரண்டுக்கும் தனித்தனி அளவுகள், தனித்தனித் துணைக்குழுக்கள் என்று முடிவாயிற்று. எப்படியோ, உடலுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. அக்காவின் படத்தின்மேல் முத்திரை விழுந்தது. அன்று சாயங்காலம் இரண்டு பேரும் அதைக் கொண்டாடக்கூடச் செய்தார்கள். அவள் ஐஸ்கிரீம் வாங்கி வந்தாள். விழுங்கும்போது ஒரு முறை முகத்தைச் சுளித்தாள். குளிர்ச்சி ஆகவில்லை என்றாள்.

துணைக்குழுக்கள் கூடின, கலைந்தன. சிரிக்கும் துணைக்குழுவுக்குத் தலைமை ஏற்க யாரும் முன்வரவில்லை என்று ஒரு மாதம் போயிற்று. இதற்குள் அக்காவால் கழுத்தைத் திருப்ப முடியாமல் போனது. கண்ணாடி பார்க்க முடியாதவள் வண்டி ஓட்டக் கூடாது என்று அவளே சாவியை டெப்போவில் ஒப்படைத்துவிட்டு வந்தாள். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் வேலைக்குப் போகாத பகலை அவன் அதுவரை பார்த்ததே இல்லை.

டாக்டர் பயந்துபோய் இன்னொரு ஸ்கேன் எடுத்து அனுப்பினார். இந்த முறை அக்கா சிரிக்கவில்லை. படம் சுத்தமாக வந்திருந்தது. இனித் தடங்கல் இல்லை என்று பொத்தான் நம்பிக் கூட்டத்துக்குப் போனான். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். கன்னம் வற்றியிருந்தது, தோள் எலும்பு தூக்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள். அவர்களுக்கும் மனசு கனக்கிறது போலிருக்கிறது என்று பொத்தான் நினைத்தான்.

"உடல் பொருந்தலை" என்றார் எலக்ட்ரான் ஐயா.

பொத்தான் வாழ்க்கையில் முதல் முறையாகக் குறிப்பு எடுப்பதை நிறுத்திவிட்டுப் பேசினான். சாப்பிட முடியவில்லை, அதனால் இளைத்துவிட்டாள், இனியும் இளைப்பாள், தயவு செய்து சீக்கிரம் முடித்துக்கொடுங்கள் என்று கெஞ்சினான். கெஞ்சினான் என்பதற்கு நாசூக்கான வேறு வார்த்தை இல்லை.

இயக்குநர் அவனைப் பரிவோடு பார்த்தார். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா நாங்க ஒப்புதல் குடுத்தது அந்த உடம்புக்கு. இது வேற உடம்பு. நாளைக்கு நீங்க இன்னும் இளைச்ச ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து இதுவும் எங்க அக்காதான்னு சொன்னா, நாங்க எத்தனை அக்காவுக்குத்தான் ஒப்புதல் குடுக்கறது?"

நோயாளியை ஒப்புதல் பெற்ற எடைக்குக் கொண்டுவருமாறு உறவினர் கேட்டுக்கொள்ளப்படுகிறார் என்ற தீர்மானத்தை அந்த உறவினரே எழுதினான்.

எழுதினதோடு நிற்காமல் அதை நிறைவேற்றவும் பார்த்தான். அதுதான் கொடுமை. பாலைச் சுண்டக் காய்ச்சினான், உருளைக்கிழங்கை மசித்தான், முட்டையை அடித்துக் கலக்கினான். ஸ்பூனை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான். ஒவ்வொரு வாயும் தொண்டையில் இறங்க அவள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. பாதிக்கு மேல் வேண்டாம் என்று தலையாட்டியவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி வாயைத் திறந்தாள்.

"உங்க ஆபீஸுக்காகத்தான்டா முழுங்கறேன்" என்றாள். "எனக்காகன்னா எப்பவோ போதும்னு சொல்லியிருப்பேன்."

அவன் ஸ்பூனை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதான்.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். கம்ப்யூட்டர் சும்மா இருந்தது. புதிய ஸ்கேனை உள்ளே போட்டான். மென்பொருளோடு வந்த பழைய அளவுகளை அப்படியே வைத்தான். எல்லோருக்கும் ஒரு காலத்தில் செய்த அதே காரியம், ஒன்றும் வித்தை இல்லை. அமுக்கினான். அவர்கள் கை கழுவிக்கொண்டு திரும்புவதற்குள் விடை வந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

டாக்டர் நின்றபடியே பார்த்தார், பிறகு உட்கார்ந்து பார்த்தார். சரியாக இருக்கிறது என்றார். இதை வைத்து இன்றைக்கே ஆரம்பிக்கலாம் என்றார். பிறகு முத்திரை எங்கே என்று தேடினார்.

"என்னை மன்னிச்சிடுங்க" என்றார். "முத்திரை இல்லாம நான் கதிரைத் திறந்தா, அன்னிக்கே இந்த மெஷினுக்குப் பூட்டுப் போட்டுடுவாங்க. வெளியில காத்துக்கிட்டிருக்கிறவங்களை நான் எங்க அனுப்புவேன்?" அவர் கண்ணும் கலங்கியிருந்தது. பொத்தானுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தாலாவது கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

டாக்டர் முத்திரை கேட்டு முறைப்படி எழுதினார். அதனால் விஷயம் வெளியே வந்தது. விசாரணை நடந்தது. பொத்தான் போட்ட விடையைக் குழு தன் செலவில் சரிபார்த்தது, மாற்றி மாற்றிச் சரிபார்த்தது, எந்தக் குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவர்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது.

"தப்பா இருந்திருந்தா மன்னிச்சிருப்போம்" என்றார் இயக்குநர். நிஜமாகவே வேதனையோடு சொன்னார். "தப்பு மனுஷ சுபாவம். ஆனா நீங்க எங்ககிட்ட கேக்காம சரியாப் போட்டிருக்கீங்க. இதை விட்டா, நாளைக்கு எல்லாரும் இப்படிச் சரியாப் போட ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் நாங்க எதுக்கு?"

கடைசிக் கேள்விக்கு அவர் பதில் எதிர்பார்த்த மாதிரி தெரிந்தது. ஒப்புதலின்றிச் சரியாக வந்த விடையை அழித்துவிட உத்தரவாயிற்று. அழிப்பதற்கும் ஒரு பொத்தான் உண்டு. அதையும் அவன்தான் அமுக்க வேண்டும். மாட்டேன் என்றால் வேலையிலிருந்து போக வேண்டும். போனால் அக்காவின் கோப்பைத் தள்ளிவிட உள்ளே ஆள் இல்லை. எல்லோரும் சுற்றி நிற்க அமுக்கினான். அந்த விரலை அன்று முழுக்க அவனால் மடக்க முடியவில்லை.

வீட்டில் அவளிடம் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்துவிட்டாள். தலையைக் கிட்டத்தில் வரச் சொல்லி முடியைக் கோதிவிட்டாள். குரல் ஏறக்குறையப் போய்விட்டிருந்தது.

"ஓடி வந்தேன்டா" என்றாள். "வண்டியை எடுத்துட்டாங்க, அவ்வளவுதான். நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே."

அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசவில்லை. மழை விட்டு வெயில் அடித்த ஒரு முற்பகலில், அவன் தலையணையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே, போய்விட்டாள். டெப்போவிலிருந்து டிரைவர்கள் வந்து நின்றார்கள். அவள் ஓட்டிய பஸ் கொஞ்ச தூரம் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. நிறுவனத்திலிருந்து யாரும் வரவில்லை. அன்று குழுக் கூட்டம்.

அந்தக் கூட்டத்தில்தான் ஒப்புதல் கிடைத்தது. அவன் வேலைக்குத் திரும்பிய அன்று எலக்ட்ரான் ஐயாவே எழுந்து வந்து கையைக் குலுக்கினார். இரண்டு கட்சிக்கும் ராசியாகிவிட்டதாம். நியூட்ரான் வராததைத் துல்லியமாகக் கணக்கிட்டுவிட்டார்களாம். கட்-ஆஃப் விஷயத்தில் நீண்ட ஆய்வுக்குப் பின் ஒருமனதாக ஓர் அளவுக்கு வந்திருந்தார்கள். பொத்தான் அந்த எண்ணைப் பார்த்தான். மென்பொருளோடு வந்த அதே பழைய எண்.

அக்கா இறந்துவிட்டதை அவன் சொன்னான். ஐயா உச்சுக் கொட்டினார். அடுத்த கூட்டத்தில் இயக்குநர் அதைக் குறிப்பிட்டார். வருத்தமான செய்திதான், இருந்தாலும் இதில் ஒரு நல்லதும் இருக்கிறது என்றார்.

"இவ்வளவு முழுமையா ஆராயப்பட்ட உடல் நம்மகிட்ட வேற இல்லை. இனிமே அது இளைக்காது, மாறாது. நமக்கு இத்தனை நாளா வேண்டியிருந்ததே அதுதானே."

ஆகவே ஒப்புதல் பெற்ற அந்த உடலே நிறுவனத்தின் தர நோயாளி என்று அறிவிக்கப்பட்டது. தினமும் காலையில் வேறு எந்தக் கணக்கும் தொடங்குவதற்கு முன்னால், ஒப்புதல் பெற்ற அளவுகளோடு கம்ப்யூட்டரில் அந்த உடலின்மேல் கதிரை ஓட்டி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாடையோரத்து மங்கலைப் பொத்தான் துடைத்துச் சுத்தப்படுத்திவிட வேண்டும். தீர்மானம் நிறைவேறியதும் எல்லோரும் எழுந்து, விடப்பட்ட துகள்களுக்காக மௌனமாக நின்றார்கள். பொத்தானும் நின்றான். அன்று அவன் சமையலைப் பற்றி நினைக்கவில்லை. இனி ஒரு ஆளுக்குச் சமைத்தால் போதும்.

மங்கலை அவன் துடைக்கவில்லை. துடைத்தாயிற்று என்று எழுதிவிட்டான். யாரும் பார்க்க வரவில்லை, வரவும் மாட்டார்கள்.

இப்போது தினமும் காலையில் முதலில் வருகிறவன் அவன்தான். விளக்கைப் போட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, அக்காவைத் திறக்கிறான். கன்னம் உப்பிய, பஸ் ஓட்டுகிற அக்கா. தாடையில் சிரிப்பு அப்படியே இருக்கிறது. அமுக்குகிறான். கோடிக்கணக்கான துகள்கள் சிரிப்பைத் தொடாமல் போய், கட்டியில் மட்டும் விழுகின்றன. முடிந்ததும் திரையில் ஒரு வரி வருகிறது: சிகிச்சை முழு வெற்றி. அதை ஒரு முறை படித்துவிட்டு, "மூச்சு விடலாம் அக்கா" என்கிறான்.

ஒவ்வொரு நாளும் காலையில் அவளுக்குக் குணமாகிவிடுகிறது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். வேறு யாரோ ஒருவரின் தம்பியோ மகளோ, எங்கள் கோப்பு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். குழுவில் இருக்கிறது என்று அவன் சொல்வான்.